அப்பாவின் காரில் குரோம் கீறல்கள்: நான் செய்து பார்த்தவை

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் காரைத் திருப்பும்போது இடதுபக்க முன்மூலை தூணில் உரசியது. இறங்கிப் பார்த்தால் பம்பரில் பெரிதாக ஒன்றுமில்லை. ஃபாக் லேம்பைச் சுற்றியிருக்கும் குரோம் வளையம்தான் அடி வாங்கியிருந்தது. சுண்டுவிரல் நீளத்துக்கு குரோம் கிழிந்து, உள்ளேயிருந்த கறுப்பு பிளாஸ்டிக் தெரிந்தது. கிழிந்த ஓரம் மீன் செதில் மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது.

இது அப்பா 11 வருடம் ஓட்டிய கார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வாளித் தண்ணீரும் பழைய பனியனுமாக இறங்குவார். முதலில் துடைப்பது முன்பக்க கிரில்லில் இருக்கும் குரோம் பட்டையைத்தான். பானட், கண்ணாடி எல்லாம் அதற்கு அப்புறம். முழங்கால் வலி வந்த பிறகு காரை என்னிடம் கொடுத்துவிட்டார். கொடுக்கும்போது அந்தப் பட்டையில் ஒரு கோடுகூட இல்லை.

அன்றைக்குத்தான் காரைச் சுற்றிவந்து மற்ற குரோம் பாகங்களையும் நிதானமாகப் பார்த்தேன். கிரில் பட்டையில் எப்போதோ கேட் உரசிய வெள்ளைத் தடம், ஒரு சாண் நீளம். டிக்கியில் நம்பர் பிளேட்டுக்கு மேலே ஓடும் பட்டை முழுக்க மூடுபனி மாதிரி மங்கல். கார் கழுவ வந்தவர் பறவை எச்சத்தைப் பச்சை ஸ்கிரப்பரால் தேய்த்ததன் விளைவு அது. டிரைவர் பக்கக் கதவின் கைப்பிடியில் மிளகு அளவு ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. ஃபாக் லேம்ப் வளையம் புதிதாகக் கிடைக்கிறது என்றார்கள், ஆனாலும் அதையும் நானே சரிசெய்து பார்க்க நினைத்தேன். கிரில்லும் டிக்கிப் பட்டையும் இந்த மாடலுக்கு இப்போது வருவதில்லை. இருப்பதைத்தான் சரிசெய்தாக வேண்டும்.

வேலையில் இறங்குவதற்கு முன் இது என்ன வகை குரோம் என்று பார்த்தேன். பிளாஸ்டிக் மேல் பளபளப்பு வருவது ஒரே வழியில் அல்ல. கார் கிரில், வெளிக்கைப்பிடி போன்றவற்றுக்கு ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கை அமிலத்தில் அரித்து, அதன் மேல் நிஜமாகவே உலோக முலாம் பூசுகிறார்கள். பொம்மைகள், பரிசுக் கோப்பைகள், வாசனைத் திரவிய மூடிகள், ஹெட்லைட்டின் உள்கிண்ணம் ஆகியவை பெரும்பாலும் வேறு வகை. வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைப்பார்கள். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குகூட இராத அந்தப் படலத்தை, மேலே அடிக்கும் லாக்கர் என்ற நிறமற்ற பூச்சுதான் காப்பாற்றும். இரண்டையும் கண்ணால் பார்த்துப் பிரிப்பது கஷ்டம். மல்டிமீட்டரை பீப் சத்தம் வரும் நிலையில் வைத்து, இரண்டு முனையையும் பட்டையின் மேல் ஒரு விரற்கடை இடைவெளியில் தொட்டேன். கிரில், வளையம், டிக்கிப் பட்டை, வெளிக்கைப்பிடி நான்கும் பீப் அடித்தன. காருக்குள் கியர் லீவரைச் சுற்றியிருந்த வெள்ளி வளையம் சத்தமே போடவில்லை, அதன் மேல் லாக்கர் இருக்கிறது. நகத்தால் தட்டிப் பார்த்தாலும் தெரிகிறது. முலாம் பூசியதில் கிண்ணென்று சத்தம் வரும், தொட்டால் சில்லென்று இருக்கும்.

இந்தச் சோதனை ஏன் முக்கியம் என்றால், லாக்கர் உள்ள பாகத்தில் கீறல் இருப்பது லாக்கரில்தான். அதை மெதுவாக பாலிஷ் போட்டால் குறையும், ஆனால் கொஞ்சம் அழுத்திவிட்டால் அலுமினியமும் சேர்ந்து போய்விடும். அங்கே தின்னரோ காரமான கிளீனரோ பட்டால் கதை முடிந்தது. முலாம் பூசிய பாகம் அழுக்கு நீக்குவதை நன்றாகவே தாங்கும். ஆனால் உண்மையாகவே கீறல் விழுந்துவிட்டால் அதைப் போக்க வழியில்லை. இந்தக் கடைசி விஷயம் எனக்கு முதல் வாரம் புரியவில்லை. வாட்டர் பேப்பரில், அதாவது தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளில், தேய்த்து பாலிஷ் போட்டால் எல்லாக் கீறலும் போய்விடும் என்றுதான் நினைத்திருந்தேன். பெயிண்டில் அது நடக்கும்.

காரில் கை வைப்பதற்கு முன் பழகிப் பார்க்க ஒரு துண்டு வேண்டும். புதுப்பேட்டைக்குப் போனேன். சென்னையில் பழைய கார் பாகம் எது தேடினாலும் அங்கேதான் போவார்கள். ஒரு கடையில் உடைந்த கிரில் குவியல் கிடந்தது.

"அண்ணே, குரோம் பட்டை இருக்குற உடைஞ்ச கிரில் ஒண்ணு வேணும். எந்த வண்டியா இருந்தாலும் சரி."

"உடைஞ்சதா? எதுக்குப்பா?"

"கீறல் எடுக்கப் பழகணும்ணே."

அவர் ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டு, பாதி உடைந்த ஒரு கிரில்லை எடுத்துப் போட்டார். "இதுல இருக்குறது போகாது தம்பி. ஆனா பழகிப் பாரு. 100 ரூபா குடு." அந்த 100 ரூபாய் துண்டு இல்லையென்றால் காரில் இருந்த நான்கையும் கெடுத்திருப்பேன்.

அந்தத் துண்டில் 2000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டு இருபது தடவை தேய்த்தேன். நம்பர் கூடக்கூட பேப்பர் மென்மையாகும். கீறல் அப்படியே இருந்தது, சுற்றிலும் புது மங்கல் வந்தது. இன்னும் தேய்த்தேன். நீலச்சாயல் கொண்ட வெள்ளை நிறம் மறைந்து லேசாக மஞ்சள் கலந்த வெள்ளை எட்டிப் பார்த்தது. அது நிக்கல். குரோம் அங்கே முடிந்துவிட்டது. அலங்காரத்துக்குப் பூசும் குரோமின் கனம் சுமார் 0.3 மைக்ரான்தான். தலைமுடியின் பருமனை 200 பங்கு போட்டால் ஒரு பங்கு. 2000 நம்பர் பேப்பரில் இருக்கும் ஒரு துகளே 10 மைக்ரான் வரும். படலத்தைப் போல முப்பது மடங்குக்கு மேல் பெரிய கல்லால் அந்தப் படலத்தைச் சமன் செய்ய முடியாது.

அப்புறம் அதே இடத்தில் 400 நம்பரை எடுத்துச் சாய்வாகத் தேய்த்துக்கொண்டே போனேன். வெட்டிய மரத்தில் வளையம் தெரிவது போல அடுக்குகள் ஒவ்வொன்றாக விரிந்தன. வெளியே கண்ணுக்கு எட்டாத மெல்லிய நீலவெள்ளை. அடுத்து மஞ்சள் கலந்த நிக்கல் வெள்ளை. அதற்குள் அகலமான செம்பு நிறம், புதுச் செப்புக்குடம் மாதிரி ஒரு சிவப்பு. நடுவில் பிளாஸ்டிக். செம்பு அகலமாகத் தெரிந்ததற்குக் காரணம் உண்டு. வெயிலில் ஏபிஎஸ் பிளாஸ்டிக் விரியும் அளவு நிக்கல் விரியும் அளவைவிடப் பல மடங்கு அதிகம். இரண்டுக்கும் நடுவில் வளைந்து கொடுக்க மிருதுவான ஒரு உலோகம் வேண்டும். அதனால்தான் செம்பை 15, 20 மைக்ரான் கனத்துக்குப் பூசுகிறார்கள். சென்னைக் கத்திரி வெயிலில் அந்தப் பட்டை உரியாமல் நிற்பது இந்தச் செம்பால்தான்.

அந்த வளையங்களைப் பார்த்த பிறகு காரில் இருந்த கீறல்களைப் படிக்கத் தெரிந்தது. கீறலுக்குள் வெள்ளையோ வேறு பெயிண்ட் நிறமோ தெரிந்தால் அது மேலே ஒட்டியிருப்பது. மஞ்சள் சாயல் என்றால் குரோம் போயிருக்கிறது, நிக்கல் இருக்கிறது. சிவப்பு என்றால் செம்பு வரை இறங்கிவிட்டது. கறுப்போ தந்த நிறமோ தெரிந்தால் பிளாஸ்டிக். குரோம் பட்டையில் பச்சை பூத்திருந்தால் செம்பு வெளியே வந்து ஈரம் பட்டிருக்கிறது. இரும்பே இல்லாத இடத்தில் இரும்புத்துரு வராது. பழைய பைக் மட்கார்டில் அலுமினியத் தாளைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் துரு போகும் என்பார்கள், போகவும் செய்யும். பிளாஸ்டிக் குரோமில் அதற்கு வேலையே இல்லை.

முதலில் கிரில். வெள்ளைத் தடம் ஒட்டிய பெயிண்டாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. குரோம் கேட்டின் பெயிண்டைவிட எவ்வளவோ கடினமானது, மென்மையானது கடினமானதில் உரசினால் தேய்வது மென்மையானதுதான். ஷாம்பூ தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடைத்தேன். கொஞ்சம் வந்தது. அப்புறம் கார் பெயிண்டில் படிந்த பொடியை எடுக்க விற்கும் க்ளே பாரை எடுத்து, சோப்புத் தண்ணீர் விட்டு நீளவாக்கில் மட்டும் உருட்டினேன். இருபது நிமிடத்தில் தடத்தில் முக்கால்வாசி காணாமல் போனது. மீதியை மைக்ரோஃபைபர் துணியை நகத்தில் சுற்றி, ரப்பிங் காம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசை ஒரு பொட்டு வைத்து எடுத்தேன். நெயில் பாலிஷ் ரிமூவரும் நைட்ரோ தின்னரும் வீட்டில் இருந்தன. எடுக்கவில்லை. குரோமை அவை ஒன்றும் செய்யாது, ஆனால் பட்டையின் பின்பக்கமும் கிளிப்புகளும் வெறும் ஏபிஎஸ். வழிந்து அங்கே போனால் கரைத்துவிடும்.

மூன்று மெல்லிய கோடுகள் மிஞ்சின. விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் மஞ்சள் சாயல். அப்பா நாற்காலியைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் கொஞ்சம் தேய்க்கவாப்பா?"

"வேண்டாம்டா. அந்த மூணு கோடு இருந்துட்டுப் போகட்டும். நீ தேய்ச்சா மூணு முப்பதாயிடும்."

சரி என்று அதோடு நிறுத்தி வாக்ஸ் பூசிவிட்டேன். நிக்கல் வெளியே தெரிகிற கோடு காற்றிலும் ஈரத்திலும் மங்கிக்கொண்டே போகும். மாதம் ஒருமுறை வாக்ஸ் பூசினால் அது தள்ளிப்போகும். இரண்டடி தள்ளி நின்றால் எனக்கே அந்தக் கோடுகள் தெரிவதில்லை.

டிக்கிப் பட்டையில் இருந்தது மங்கல். பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்கிரப்பரில் அலுமினியம் ஆக்சைடு துகள் இருக்கிறது. குரோமைக் கீறும் அளவுக்குக் கடினமான சில பொருட்களில் அதுவும் ஒன்று. பக்கத்து வீட்டு அத்தை புளி போட்டுத் தேய்க்கச் சொன்னார். அம்மா விபூதி என்றார், பூஜை வெள்ளிச் சாமான்களை அவர் அதில்தான் துலக்குவார். இரண்டையும் புதுப்பேட்டைத் துண்டில் செய்து பார்த்தேன். புளி பித்தளையில் வேலை செய்வதற்குக் காரணம் அதன் அமிலம் செம்பின் கறையைக் கரைப்பது, குரோமில் கரைக்க அப்படி ஒன்றும் இல்லை. விபூதியில் எண்ணெய்ப் பிசுக்கு அழகாகப் போனது, கீறல் அப்படியே இருந்தது. ஆனால் துடைத்து முடிக்க நல்ல மென்மையான பொடிதான் அது. பாத்ரூம் ஆசிட் பற்றியும் ஒருவர் சொன்னார். அதைத் துண்டில்கூட முயலவில்லை. அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம், குரோமைக் கரைத்தே எடுத்துவிடும்.

மெட்டல் பாலிஷ் போட்டதில் மங்கல் கொஞ்சம் குறைந்தது. அம்மோனியா வாடை வராத பாலிஷாகப் பார்த்து வாங்கினேன், கீறல் வழியே செம்பு எங்காவது தெரிந்தால் அம்மோனியா அதைப் பிடிக்கும். பகலில் சுமாராக இருந்தது. இரவில் பின்னால் நிற்கும் வண்டியின் ஹெட்லைட் பட்டால் பட்டை முழுக்கச் சிலந்திவலை மாதிரி வட்டம் வட்டமாகக் கோடுகள் மின்னின. இதற்கு மேல் தேய்த்தால் நிக்கல் வந்துவிடும். ஆகவே இந்தப் பட்டையை மூடிவிட முடிவெடுத்தேன்.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் குரோம் வினைல் ஒட்டுப்படம் வாங்கினேன். ஓரங்களில் ஒட்டும் அலங்காரப் பட்டையும் அங்கேயே சுருளாகக் கிடைக்கிறது. அகலமான தட்டைப் பரப்புக்கு அது உதவாது. முதல் தடவை ஒட்டியது வீண். பட்டையைக் கழற்றிவந்து வராந்தாவில் ஃபேன் ஓட ஒட்டினேன், தூசி உள்ளே போய்ச் சிக்கியது. கண்ணாடி மாதிரி பரப்பில் ஒரு மணல் துகள்கூடக் கொப்புளம் போலத் தெரிகிறது. இரண்டாம் தடவை பாத்ரூமில் வைத்து ஒட்டினேன். வெந்நீர்க் குழாயை ஐந்து நிமிடம் திறந்துவிட்டு ஆவியால் தூசியை அடங்கவைத்தேன். பட்டையின் மேல் குழந்தை ஷாம்பூ இரண்டு சொட்டு கலந்த தண்ணீரைத் தெளித்து, படத்தை மிதக்கவிட்டு, இடம் பார்த்து நகர்த்தினேன். பிறகு துணி சுற்றிய பிளாஸ்டிக் கார்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளித் தண்ணீரை வெளியேற்றினேன். மூலைகளில் ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டி மடித்தேன். குரோம் வினைலை இழுத்து ஒட்டவே கூடாது. சாதா வினைல் இழுவையைத் தாங்கும், இது இழுத்த இடத்தில் வெளுத்துவிடுகிறது. அதிகச் சூட்டிலும் அப்படியேதான்.

படத்தைக் கீறல் இருக்கும் இடத்துக்கு மட்டும் வெட்டி ஒட்டாமல், பட்டையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒட்டி, விளிம்பைப் பின்பக்கம் மடித்துவிட்டேன். இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெயிண்டில் ஒட்டுப்போட்டால் நிறம் ஒத்துப்போனால் போதும். குரோமுக்குச் சொந்த நிறம் என்று ஒன்று இல்லை. எதிரே இருக்கும் வானம், தரை, நிற்கும் ஆள் எல்லாம்தான் அதன் நிறம். அதன் நடுவில் ஒரு துண்டைப் புதிதாக வைத்தால், அது எவ்வளவு நல்ல துண்டாக இருந்தாலும், பிம்பம் அந்த எல்லையில் உடைந்து காட்டிக்கொடுக்கும். எல்லை பட்டையின் இயல்பான விளிம்பிலேயே வந்துவிட்டால் கண் தேடாது. ஆகவே ஒரு தளத்தை மூடுவதென்றால் அதன் மடிப்புவரை முழுக்க மூட வேண்டும், இல்லையென்றால் தொடவே கூடாது. ஃபாக் லேம்ப் வளையத்தில் இதை மதிக்காமல்தான் இரண்டு வாரம் போனது.

அந்த வளையத்தைக் கழற்றியது தனி வேலை. பம்பரில் மாஸ்கிங் டேப் ஒட்டி, பிளாஸ்டிக் நெம்பியால் ஒவ்வொரு கிளிப்பாகத் தளர்த்தினேன். பழைய கிளிப்புகள் காய்ந்து மொறுமொறுவென்று இருந்தன. மதிய வெயிலில் காரை நிறுத்தி, பிளாஸ்டிக் இளகிய பிறகு எடுத்ததால் ஒன்றுகூட உடையவில்லை. ஆனால் தூக்கிக்கொண்டிருந்த குரோம் ஓரம் விரலைக் கிழித்துவிட்டது. இதைத் தயவுசெய்து மனத்தில் வையுங்கள். உரிந்த நிக்கல் தகடு பிளேடேதான். மெல்லிய ரப்பர் கையுறை அதற்குப் போதாது. நான் அதற்குப் பிறகு தடித்த தோல் கையுறையுடன்தான் அந்த ஓரத்தைத் தொட்டேன். சிலருக்கு நிக்கல் பொடி தோலில் அரிப்பையும் கொண்டுவரும். அதனால் தண்ணீர் தொட்டே தேய்த்தேன், முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டேன்.

தூக்கிய செதிலைத் திரும்ப அழுத்தி ஒட்டலாமா என்று பார்த்தேன். ஒட்டாது. அமிலத்தில் அரித்தபோது பிளாஸ்டிக்கில் விழுந்த நுண்ணிய குழிகளில் வேர்விட்டுத்தான் அந்த உலோகம் நிற்கிறது. வேர் அறுந்த பிறகு பசை வெறும் மேல்பூச்சுதான். நகவெட்டியால் செதிலைக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கி, கெட்டியாக ஒட்டியிருக்கும் இடம்வரை போனேன். செல்லோ டேப்பை ஒட்டி வெடுக்கென்று இழுத்தால் இன்னும் எது உரியக் காத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். மூன்றாம் இழுப்பில் எதுவும் வரவில்லை. ஓரத்தைச் சுற்றிச் சூப்பர் குளூவை ஊசிமுனையால் விட்டேன். மெல்லிய இடைவெளி இருந்தால் அது தானே உள்ளே இறங்கி, ஈரம் நுழையாமல் அடைத்துவிடும்.

பிறகு 320, அடுத்து 600 நம்பர் பேப்பரால் ஓரத்தைச் சரிவாக்கினேன். அதே நான்கு நிற வளையங்கள் இங்கேயும் வந்தன. பள்ளத்தை அரால்டைட் பசையால் நிரப்பி ஒரு நாள் முழுக்க விட்டு, தேய்த்துச் சமன் செய்தேன். கண்ணை மூடி விரலை ஓட்டினால் பள்ளம் தெரியாத அளவுக்கு வந்தது. கையில் தெரியாதது குரோமில் தெரியும் என்பது மட்டும் அப்போது தெரியவில்லை.

அடைத்த இடத்தில் மட்டும் குரோம் ஸ்ப்ரே அடித்தேன். டப்பாவின் மூடி கண்ணாடி மாதிரி மின்னியது. வளையத்தில் வந்தது சில்வர் பெயிண்ட். அந்த ஸ்ப்ரேயில் இருப்பது அலுமினியத் துகள்கள். அவை எல்லாம் ஒரே தளத்தில் படுத்தால்தான் பிம்பம் காட்டும், டப்பா ஸ்ப்ரேயில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. சுற்றிலும் நிஜக் குரோம் இருக்க, நடுவில் சாம்பல் நிறத் தேமல் மாதிரி நின்றது. அதைத் தேய்த்து எடுத்து, பளபளக்கும் கறுப்புப் பெயிண்ட் அடித்து, நன்றாகக் காய்ந்த பின் அதன் மேல் மறுபடி அடித்தேன். கறுப்பு அடித்தளத்தில் உண்மையாகவே நன்றாக வந்தது, ஓரளவு முகம் தெரிந்தது. மழை படுமே என்று மேலே கிளியர் லாக்கர் அடித்தேன். அடித்த ஐந்தே நிமிடத்தில் மங்கிச் சாம்பலாகிவிட்டது. லாக்கரில் உள்ள கரைப்பான் துகள்களைக் கலைத்துவிடுகிறது. லாக்கர் இல்லாமல் விட்டால் விரல் பட்டாலே போய்விடும்.

திரும்ப முலாம் பூசித் தருவார்களா என்று விசாரித்தேன். நான் கேட்ட இரண்டு பட்டறையிலும் இரும்பு, பித்தளை மட்டும்தான் என்றார்கள். அது நியாயம்தான். முலாம் தொட்டியில் மின்சாரம் ஓட வேண்டும், இந்த வளையத்தில் பாதி உலோகம், பாதி பசை. முழுக்க உரித்து, அரித்து, பல்லேடியம் என்ற உலோகத்தைப் படியவைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். வெள்ளி நைட்ரேட் கரைசலைத் தெளித்துக் கண்ணாடிப் பூச்சு கொண்டுவரும் முறையும் இருக்கிறது. 1835-இல் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் கண்ட அதே வெள்ளிக்கண்ணாடி வேதிவினை, இப்போது ஸ்ப்ரே கன்னில் செய்கிறார்கள். அழகாக வரும். ஒரு வளையத்துக்காக அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாம் வாரம் வளையத்தை எடுத்துக்கொண்டு எங்கள் தெரு முனையில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் பெயிண்டரிடம் போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், இத குரோமாவே காட்டணும்னு ஏன் நினைக்கிறீங்க? இந்த வெளிச்சரிவு மட்டும் கறுப்பாக்கிடுங்க. உள்விளிம்பு குரோமா இருக்கட்டும். புது வண்டியெல்லாம் அப்படித்தான வருது."

"பெயிண்ட் நிக்குமாண்ணே? உரிஞ்சு வந்துடுமே?"

"மினுக்கு இருக்குற வரைக்கும் எதுவும் நிக்காது. மொதல்ல அதச் சாகடிக்கணும். நல்லா மேட் பண்ணிட்டு வாங்க, எபாக்ஸி பிரைமர் நான் அடிச்சுத் தரேன். சாதா பிரைமர் இதுக்கு ஆகாது."

வளையத்தில் இரண்டு தளம். வெளிப்பக்கம் அகலமான சரிவு, உள்பக்கம் ஒடுக்கமான விளிம்பு, நடுவில் ஒரு மடிப்புக் கோடு. அந்த மடிப்பிலேயே மெல்லிய மாஸ்கிங் டேப்பை ஓட்டி உள்விளிம்பைக் காப்பாற்றினேன். வெளிச்சரிவு முழுவதையும் 400 நம்பரால் பளபளப்பு ஒரு பொட்டுகூட இல்லாமல் தேய்த்தேன். வலதுபக்க வளையம் நல்ல நிலையில் இருந்தது. அதையும் கழற்றி அதேபோலத் தேய்த்தேன். முழுசாக இருக்கும் குரோமில் முதல் இழுப்பு இழுக்க மனம் ரொம்ப நேரம் துணியவில்லை. ஆனால் ஒன்று கறுப்பும் ஒன்று வெள்ளையுமாக முகம் இருக்கக் கூடாது.

அவர் எபாக்ஸி பிரைமர் அடித்துக் கொடுத்தார். மறுநாள் 600-ஆல் லேசாகத் தேய்த்துவிட்டு, மொட்டைமாடியில் காலை ஏழு மணிக்குக் காற்று இல்லாத நேரத்தில் சாட்டின் கறுப்பை, அதாவது பளபளப்பு குறைந்த கறுப்பை, மூன்று மெல்லிய பூச்சாக அடித்தேன். ஒவ்வொன்றுக்கும் நடுவில் 15 நிமிடம். பளபளப்பான கறுப்பு அடித்திருந்தால் அடைத்த பள்ளத்தின் மேடுபள்ளம் தெரிந்திருக்கும், சாட்டின் அதை விழுங்கிவிட்டது. டேப்பை உரித்தபோது உள்விளிம்பின் குரோம் கண்மை இட்ட கண் மாதிரி துலக்கமாக வந்தது. மாட்டிவிட்டு எதிரே போய் நின்று பார்த்தேன். எது அடிபட்ட பக்கம் என்று எனக்கே ஒரு கணம் தெரியவில்லை.

கைப்பிடியின் சில்லு கடைசி. அதற்கு மோலோட்டோ லிக்விட் குரோம் பேனா. ஆல்கஹாலில் கலந்த, குரோம் மாதிரி மின்னும் மை அது, வழுவழுப்பான பரப்பில் வைத்தால் கண்ணாடி மாதிரி வருகிறது. சில்லை சூப்பர் குளூ சொட்டால் நிரப்பித் தேய்த்து, கறுப்பு நெயில் பாலிஷ் ஒரு பொட்டு வைத்துக் காயவிட்டு, அதன் மேல் ஒரே தொடுதலில் மையை வைத்தேன். இரண்டாம் முறை தொட்டால் முதலில் வைத்தது கலைந்துவிடும். மூன்று நாள் அந்தக் கதவை யாரும் தொடக் கூடாது என்று வீட்டில் சொல்லி, டிரைவர் சீட்டுக்கு மறுபக்கமாக ஏறி நகர்ந்து போனேன். புள்ளி அளவுக்கு இந்தப் பேனா போல வேறு எதுவும் இல்லை. நீளக் கோட்டுக்கு முயன்று பார்த்தேன், புதுப்பேட்டைத் துண்டில்தான். கோடு கோடாகவே தெரிந்தது.

இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. நடுவில் வடகிழக்குப் பருவமழையும் வந்து போய்விட்டது. கறுப்பு வளையங்களில் பெயிண்ட் எங்கும் உரியவில்லை. கிரில்லின் மூன்று கோடுகளும் அப்படியே இருக்கின்றன, பரவவில்லை. டிக்கி வினைலின் வலது கீழ்மூலை மழைக்குப் பிறகு அரை விரற்கடை தூக்கியது. உலர்த்தி, ஆல்கஹாலால் துடைத்து, சூடு காட்டி அழுத்தினேன், இப்போதைக்கு நிற்கிறது. கைப்பிடியில் வைத்த மை மங்கிவிட்டது, தினமும் கை படுகிற இடம். அடுத்த சனிக்கிழமை அதைத் துடைத்துவிட்டு மறுபடி ஒரு பொட்டு வைக்க வேண்டும். அப்பா தன் நாற்காலி எங்கே என்று இப்போதே கேட்டுவிட்டார்.